கூலி எந்தப் பக்கமிருந்து வருகிறது?

‘வீட்டிலிருந்தே வேலை’ என்று வரும் அழைப்பில் நிஜம் எது, பொறி எது? மதுரைச் சீமையில் தலைமுறைகளாக நடக்கும் வீட்டுவேலையின் கணக்கிலேயே அதற்கு விடை இருக்கிறது.

பிற்பகல் இரண்டரை மணி. செல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரம் கழுவிய ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஃபோனை எடுக்கிறார் ஒரு பெண். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ‘வணக்கம் மேடம். வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை. நாளொன்றுக்கு 1,500 முதல் 3,000 வரை. அனுபவம் தேவையில்லை.’ என்ன வேலை என்று கேட்டால், கூகுள் மேப்பில் ஒரு ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்கிறார்கள். ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று ஓட்டல்களுக்குப் போடுகிறார். பத்தே நிமிடத்தில் 150 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. அன்று மாலையே டெலிகிராம் குழு ஒன்றில் சேர்க்கிறார்கள். அங்கே முந்நூறு பேர். ஆளாளுக்கு ‘இன்று 8,000 எடுத்தேன்’, ‘எனக்கு 22,000 வந்தது’ என்று ரசீதுப் படங்களைப் போட்டபடி இருக்கிறார்கள். மறுநாள் ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று ஒன்று வருகிறது. 1,000 ரூபாய் கட்டினால் 1,300. கட்டுகிறார், வருகிறது. 3,000 கட்டினால் 3,900. அதுவும் வருகிறது. அடுத்தது 10,000. இந்த முறை மட்டும் வேலை பாதியில் நிற்கிறது. ‘இது கூட்டு டாஸ்க் மேடம், நான்கு படி. நடுவில் நிறுத்தினால் மற்றவர்கள் பணமும் மாட்டிக்கொள்ளும்.’ 28,000 போகிறது. பிறகு 52,000. திரையில் அவர் கணக்கில் 1,40,000 ரூபாய் மின்னுகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. ‘உங்கள் கிரெடிட் ஸ்கோர் 80-க்கு இறங்கிவிட்டது. 30,000 கட்டினால் 100 ஆகும். உடனே எடுக்கலாம்.’

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. தொகைகளும் உதாரணத்துக்குச் சொன்னவைதான். ஆனால் நாடெங்கும் சைபர் கிரைம் காவல் நிலையங்களுக்கு வரும் ‘டாஸ்க்’ மோசடிப் புகார்களில் திரும்பத் திரும்ப வரும் வரிசை இதுதான். ஓட்டலுக்குப் பதில் யூடியூப் லைக் இருக்கும், சினிமா டிக்கெட் ரேட்டிங் இருக்கும். படிகள் மாறாது. அந்த முந்நூறு பேர் குழுவில் பெரும்பாலோர் மோசடிக்காரர்களின் ஆட்கள், அல்லது ஒரே ஆள் நடத்தும் பல கணக்குகள். நிஜமான ஆள் அந்தப் பெண் ஒருவராகவே இருக்கலாம்.

இப்படிப்பட்ட அழைப்புகளை எப்படி இனம் காண்பது என்பதற்கு ஏகப்பட்ட பட்டியல்கள் சுற்றுகின்றன. இமெயில் முகவரியைப் பாருங்கள், எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள், ஜிஎஸ்டி எண்ணைச் சரிபாருங்கள், கம்பெனி பதிவானதா பாருங்கள் என்று நீளும். இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவையெல்லாம் முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் முறைகள். முகத்தை யாரும் வாங்கிவிடலாம். நிஜமான கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் ஒட்டவைத்து, பிழையே இல்லாத தமிழில் நியமனக் கடிதம் தயாரிக்க இன்று சில நிமிடங்கள் போதும். போலியாக்க முடியாத சங்கதிகள் இரண்டுதான். பணம் எந்தத் திசையில் போகிறது என்பது ஒன்று. அந்த வேலையின் பலனைக் காசு கொடுத்து வாங்குகிறவர் யார் என்பது இன்னொன்று. இந்த இரண்டு கேள்விகளையும் தாண்டி நிற்கக்கூடிய மோசடி வேலை எதுவும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சுங்குடி முடிச்சும் பீடி இலையும்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது மதுரைக்கு 2020-ல் ஊரடங்கோடு வந்த புதுமை அல்ல. சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி துணியை வெட்டி, புள்ளி வைக்க வேண்டிய இடங்களைக் குறித்து, வீடுகளுக்கு அனுப்புவார். சௌராஷ்டிரக் குடும்பப் பெண்களும், பின்னாளில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களும், துணியை நகக்கண் அளவுக்குக் கிள்ளியெடுத்து நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. துணி திரும்பிப் போய்ச் சாயத்தில் முங்கி, வெயிலில் காய்ந்து, முடிச்சு அவிழும்போது ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பூக்கும். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலைக்குக் கூலி மிகக் குறைவு. முடிச்சுப் போடுகிறவர்களும் அருகிவிட்டார்கள். ஆனால் அந்த வேலையில் ஒரு விஷயம் மட்டும் ஒருநாளும் தலைகீழானதில்லை: துணி வியாபாரியுடையது. நம்பி முதலில் கொடுக்கிறவர் அவர்தான். முடிச்சுப் போடும் பெண், ‘இந்த வேலையைக் கொடுப்பதற்கு இவ்வளவு’ என்று யாருக்கும் கட்டியதில்லை.

திருநெல்வேலி, தென்காசி பக்கம் பீடி சுற்றுவதிலும் இதே கதைதான். இலையையும் தூளையும் கடையில் கொடுப்பார்கள். சுற்றிய பீடியை ஆயிரக் கணக்கில் எண்ணி வாங்குவார்கள். அதில் அநியாயங்கள் நிறைய உண்டு. சரக்கைக் குறைத்துக் கொடுப்பது, நல்ல பீடியையும் கழிவு என்று தள்ளுவது, எல்லாம் பழைய புகார்கள். அதனால்தான் 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது. அப்பளம் தேய்ப்பதும், தீப்பெட்டி ஒட்டுவதும், கூலிக்குப் பூக்கட்டுவதும் இந்த வரிசைதான். சுரண்டல் இருந்தது, இருக்கிறது. ஆனால் அது கூலியைக் குறைக்கும் சுரண்டல். கூலிக்காரரிடமிருந்தே பணத்தை வாங்கி ‘வேலை’ என்று பெயர் வைப்பது வேறு ஒன்று. முதலாவதற்குத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. இரண்டாவது தொழிலே அல்ல.

இன்றைய நிஜமான வீட்டுவேலைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். இலந்தைக்குளம் எல்காட் வளாகம் போன்ற இடங்களில் இயங்கும் மென்பொருள் நிறுவனம் ஒருவரை வீட்டிலிருந்து வேலை செய்ய எடுத்தால், செலவு செய்வது நிறுவனம்தான். நேர்காணல் நடத்துகிறது, லேப்டாப் கொடுக்கிறது, பி.எஃப். கட்டுகிறது, மாதச் சம்பளத்தை நிறுவனத்தின் கணக்கிலிருந்து அனுப்புகிறது. இன்னொன்றும் செய்கிறது: பலரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கூலி கொடுக்கப் போகிறவருக்குத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் உண்டு. வந்தவர் எல்லோருக்கும், படிப்பு கேட்காமல், திறமை பார்க்காமல், அரை மணி நேரத்தில் வேலை என்றால், அங்கே கூலி கொடுக்கும் உத்தேசமே இல்லை என்று பொருள்.

‘தையல் வேலைக்கு மிஷின் நம்முடையதுதானே? டெலிவரி வேலைக்கு வண்டி நம்முடையதுதானே? வேலைக்காக நாமும் முதல் போடுகிறோமே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தையல் மிஷின் உங்கள் வீட்டில் நிற்கிறது. இந்த முதலாளி போனால் இன்னொருவருக்குத் தைக்கலாம், முடியாவிட்டால் விற்கலாம். முன்பின் தெரியாத ஒருவரின் யுபிஐ கணக்குக்குப் போன ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சிக் கட்டணம்’, ‘லேப்டாப் டெபாசிட்’ எதுவும் உங்கள் கையில் எதையும் விட்டுவைப்பதில்லை. முதல் என்பது கையில் நிற்பது.

முகம் பார்த்து ஏமாந்தவை

2011-ல் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஸ்பீக் ஏசியா நினைவிருக்கும். வீட்டிலிருந்தே ஆன்லைனில் கருத்துக்கணிப்புப் படிவம் நிரப்பும் வேலை. ஆண்டுச் சந்தா 11,000 ரூபாய். வாரம் இரண்டு படிவம் நிரப்பினால் 1,000 ரூபாய். தொலைக்காட்சியில் விளம்பரம், பெரிய பெரிய கூட்டங்கள், பளபளக்கும் இணையதளம் என்று முகத்துக்குக் குறையே இல்லை. உடைந்தது எங்கே தெரியுமா? ‘இந்தக் கருத்துக்கணிப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர் யார்?’ என்ற கேள்வியில்தான். வாடிக்கையாளர்கள் என்று காட்டப்பட்ட பெரிய நிறுவனங்கள், அப்படி ஒரு உறவே இல்லை என்று மறுத்தன. 11,000 கட்டியவருக்கு ஆண்டுக்கு 52,000 தர வேண்டும். படிவத்தை வாங்க ஆளில்லை என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அடுத்து 11,000 கட்டுகிறவரிடமிருந்துதான் வர முடியும்.

2017 பிப்ரவரியில் நொய்டாவில் உத்தரப்பிரதேச சிறப்பு அதிரடிப் படை பிடித்த ‘சோஷியல் டிரேட்’ விவகாரமும் அதே அச்சு. 5,750 முதல் 57,500 ரூபாய் வரை கட்டி உறுப்பினரானால், தினமும் வரும் இணைப்புகளை கிளிக் செய்யலாம். கிளிக் ஒன்றுக்கு 5 ரூபாய். சுமார் 3,700 கோடி ரூபாய் புரண்டதாக அந்தப் படை சொன்னது. அது முறைப்படி பதிவான கம்பெனிதான். பதிவு எண்ணைச் சரிபார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

நம் பக்கத்தில் கோவை மைவி3 ஆட்ஸ். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் என்ற திட்டம். சில நூறு ரூபாயிலிருந்து 1,21,440 ரூபாய் வரை கட்டும் படிநிலைகள். போலீஸ் வழக்குப் பதிந்ததும், 2024 ஜனவரி 29 அன்று கோவை நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். புகார் கொடுக்க அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக. ‘எங்களுக்கு ஒழுங்காகப் பணம் வருகிறது, ஏன் தடுக்கிறீர்கள்?’ என்பதே அவர்களின் கேள்வி. வழக்கின் முடிவை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தின் கேள்வி தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று. ‘பணம் வருகிறது’ என்பது ஒரு வேலை நிஜமானது என்பதற்குச் சாட்சி ஆகுமா?

┌─────────────
ஒரு லைக்குக்கு 50 ரூபாய் கட்டுபடியாகுமா?
நூறு நாள் வேலையில் தமிழகத்துக்கு 2025-26-க்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். வெயிலில் நாள் முழுக்க மண் வெட்டினால் கிடைப்பது. டெலிகிராம் ‘வேலை’யில் ஏழு லைக் போட்டால் அதைத் தாண்டிவிடலாமாம். சாதாரணத் தமிழ் யூடியூப் சேனலுக்கு ஆயிரம் பேர் பார்த்தாலும் விளம்பரப் பங்காகக் கிடைப்பது பெரும்பாலும் நூறு, இருநூறு ரூபாயைத் தாண்டாது. அந்தச் சேனல் ஒரே ஒரு லைக்குக்கு 50 ரூபாய் எப்படிக் கொடுக்கும்? மேலும், காசு கொடுத்து லைக், ரேட்டிங் வாங்குவதை யூடியூபும் கூகுள் மேப்பும் தங்கள் விதிகளிலேயே தடை செய்திருக்கின்றன.
─────────────┘

‘முதலில் அவர்கள்தானே கொடுத்தார்கள்?’

என் அளவுகோலுக்கு வரக்கூடிய மிக வலுவான ஆட்சேபம் இதுதான். பணத்தின் திசையைப் பார் என்றால், டாஸ்க் மோசடியில் முதல் 150 ரூபாய் நம் பக்கம் அல்லவா வந்தது? ஆம், வந்தது. திசை அளவுகோலைத் தெரிந்தவர்களை மடக்கத்தான் அந்த 150. மீன்காரர் தூண்டிலில் கோக்கும் புழுவை யாரும் மீனுக்குப் போட்ட சாப்பாடு என்று சொல்வதில்லை. எனவே அளவுகோலைக் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டும். முதலில் பணம் எந்தப் பக்கம் வந்தது என்பது பொருட்டல்ல. என்றைக்காவது ஒருநாள், எந்தப் பெயரிலாவது, உங்கள் பக்கமிருந்து அங்கே பணம் போக வேண்டும் என்ற பேச்சு வருகிறதா என்பதே கேள்வி. அந்தப் பேச்சு வரும் நொடியில், அதுவரை வந்த 150-உம் 1,300-உம் கூலி என்ற அர்த்தத்தை இழந்துவிடுகின்றன. பெயர்கள் எத்தனையோ: பதிவு, பாதுகாப்பு வைப்பு, ஐடி கார்டு, சாஃப்ட்வேர், சரிபார்ப்பு, வரி, கிரெடிட் ஸ்கோர். கூலி கொடுக்கிறவர் பிடிக்க வேண்டியதைக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். 1,40,000 ரூபாய் உங்கள் கணக்கில் இருப்பது நிஜமென்றால், ‘அதிலிருந்து 30,000-ஐ எடுத்துக்கொண்டு மீதியைத் தாருங்கள்’ என்ற ஒரே வரிக்கு அவர்களிடம் பதில் இருக்க வேண்டும். இருக்காது. திரையில் தெரிவது பணம் அல்ல, வெறும் எழுத்து.

அந்த 150 ரூபாய்க்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது பெரும்பாலும் மோசடிக்காரரின் சொந்தப் பணம் அல்ல. வேறு ஊரில் வேறு ஒருவர் இழந்த பணம். அவர் புகார் கொடுத்தால், பணம் போன வழியைப் பின்தொடரும் போலீஸ், வழியில் இருக்கும் கணக்குகளை முடக்கச் சொல்லும். அப்போது உங்கள் கணக்கும் அந்தப் பட்டியலில் வரலாம். சிலருக்குத் தாங்கள் ஏமாந்ததே, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

┌─────────────
உள்துறை அமைச்சகம் சொன்னது
2023 டிசம்பர் 6 அன்று, மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் கிரைம் ஒருங்கிணைப்பு மையத்தின் பரிந்துரையில் நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. முதலீடு, பகுதிநேர வேலை என்ற பெயரில் மோசடி செய்தவை அவை. வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்ட இவை, ‘வீட்டிலிருந்தே வேலை’ போன்ற சொற்களை வைத்துப் பல மொழிகளில் விளம்பரம் செய்தன. குறிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள்.
─────────────┘

பணம் போனதோடு முடிவதில்லை

டாஸ்க் மோசடியைவிடத் தொகையில் சிறியது, ஆனால் மிரட்டலில் கொடியது டேட்டா என்ட்ரி மோசடி. கட்டணமே கேட்காமல் ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் இத்தனை நூறு படிவம் தட்டச்சு செய்ய வேண்டும், துல்லியம் 90 சதவீதத்துக்குமேல் இருக்க வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம். ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். இரவு பகலாகத் தட்டச்சு செய்து அனுப்பினால், ‘தரப் பரிசோதனையில் தோல்வி’ என்று பதில் வரும். யார் செய்தாலும் தோல்விதான், பரிசோதிப்பவர் அவர்களே. பிறகு ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்’ என்று ஆரம்பித்து, வக்கீல் பேசுகிறேன், கோர்ட்டிலிருந்து பேசுகிறேன், நாளை வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று வரிசையாக ஃபோன். முத்திரைத்தாளில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் மிரண்டுபோய்க் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. கணவருக்குத் தெரியக் கூடாது, அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்ற பயம் மோசடிக்காரருக்குக் கூடுதல் ஆயுதம்.

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் பேரில் எழுந்த ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு. ஒப்பந்த மீறலுக்கு எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்கிறது 74-வது பிரிவு. ஒப்பந்தப்படி வேலை முடிக்கவில்லை என்பது சிவில் விவகாரம். அதற்காக யாரையும் போலீஸ் கைது செய்ய முடியாது. வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவும் அல்ல. நிஜமான வக்கீலே அனுப்பினாலும் அது ஒரு கடிதம்தான். பயம் தெளியவில்லை என்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்க் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இந்த ஒரு தகவல் தெரியாததால் கட்டப்படும் பணம் எவ்வளவு என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது.

மூன்றாவது வகையில் பணம் கேட்கவே மாட்டார்கள். கணக்கைத்தான் கேட்பார்கள். ‘எங்கள் கம்பெனிக்கு வரும் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி, நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், சதவீதக் கமிஷன்’ என்றோ, ‘புதிதாக ஒரு கணக்கு திறந்து ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுங்கள், சில ஆயிரம் தருகிறோம்’ என்றோ கல்லூரி மாணவர்களைத்தான் அதிகம் அணுகுகிறார்கள். திசைக் கேள்வி மட்டும் வைத்திருப்பவர் இங்கே சறுக்கிவிடுவார். காரணம், இதில் பணம் நம் பக்கமே வருகிறது. இரண்டாவது கேள்விதான் கைகொடுக்கும். இந்த வேலையின் பலனை வாங்குகிறவர் யார்? கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கு இல்லையா? முகம் தெரியாமல் பணத்தை நகர்த்த வேண்டிய தேவை இருப்பவருக்குத்தான் அடுத்தவர் கணக்கு வேண்டும். கமிஷன் வாங்கிய மாணவர், எங்கோ வடமாநிலத்தில் பதிவான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டு, அந்த மாநிலப் போலீஸ் நோட்டீஸோடு வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்க அலையும் காலத்தில் படிப்பும் வேலைவாய்ப்பும் போய்விடும்.

இந்தச் சங்கிலியின் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ‘மேடம், இன்னும் ஒரு டாஸ்க்தான்’ என்று பொறுமையாக எழுதுகிற கை, பல நேரம் மியான்மரிலோ கம்போடியாவிலோ வேலிக்குள் அடைபட்டிருக்கும் ஒருவருடையது. அவரும் ஒரு வேலை விளம்பரத்தை நம்பிப் போனவர்தான். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப் போகப்பட்டு மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்து எல்லையிலிருந்து விமானப் படை விமானங்களில் அழைத்துவரப்பட்ட இந்தியர்கள் 549 பேர். செல்லூர் வீட்டின் திரைக்கு இரண்டு பக்கமும் வேலை தேடியவர்களே இருந்திருக்கலாம்.

பேராசை என்ற பழி

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘பேராசைதான் காரணம், உழைக்காமல் சம்பாதிக்க நினைத்தால் இப்படித்தான்’ என்று ஒரு குரல் எழும். தெருவில், உறவில், சில நேரம் புகார் கொடுக்கப் போன இடத்திலும். இதை நான் ஏற்கவில்லை. உள்துறை அறிக்கை சொன்ன ஆட்களை மறுபடி பாருங்கள்: பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலையில்லாத இளைஞர்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ டிகிரி முடித்துவிட்டு, கைக்குழந்தையோ படுத்த படுக்கையான மாமியாரோ இருப்பதால் மதுரைக்கு பஸ் ஏறி வேலைக்குப் போக முடியாத பெண்ணுக்கு, வீட்டிலிருந்து ஒரு வேலை என்பது ஆசை அல்ல, தேவை. முடிச்சுப் போடும் வேலையும் அப்பளம் தேய்க்கும் வேலையும் சுருங்கிய இடத்தில்தான் டெலிகிராம் நுழைந்திருக்கிறது. தேவை நிஜம் என்பதால்தான் பொறி வேலை செய்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சும்மா பணம் கேட்டு வரவில்லை. வேலை கேட்டு வந்தவர்கள். 10,000-க்குப் பிறகு 28,000-ஐக் கட்டுவதும் பேராசையால் அல்ல. போட்ட 10,000-ஐக் காப்பாற்றத்தான். அந்த 28,000 பெரும்பாலும் அடகுக் கடையிலிருந்தோ, மகளிர் குழுக் கடனிலிருந்தோ வருகிறது.

இந்தப் பழிச்சொல்லுக்கு ஒரு நேரடி விலையும் உண்டு. அது நேரம். பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 1930 என்ற தேசிய சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்தால், அது இன்னும் வங்கிக் கணக்குகளுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும்போதே மடக்க வாய்ப்பு உண்டு. ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ‘ஊர் சிரிக்கும்’ என்று மூன்று நாள் வாய் திறக்காமல் இருப்பவர், மோசடிக்காரருக்கு அந்த மூன்று நாளைக் கொடுக்கிறார். 2024-ல் தமிழகத்திலிருந்து புகாரான சைபர் மோசடிகளில் போன தொகை சுமார் 1,670 கோடி ரூபாய். அதில் சுமார் 770 கோடியை முடக்க முடிந்தது. மக்கள் கைக்குத் திரும்பியது சுமார் 83 கோடி. நாடு முழுக்கப் பார்த்தால் 2023-ல் 7,465 கோடியாக இருந்த இழப்பு 2024-ல் 22,845 கோடி ஆனது. வங்கியைக் குறை சொல்லியும் பெரிய பயன் இல்லை. நமக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கு வாடிக்கையாளரைக் காக்கும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிகள், நாமே பின் நம்பரைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அப்படிக் கைகொடுப்பதில்லை.

புகார் சொல்லும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் போன நாள், நேரம், தொகை, யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், எந்த வங்கியிலிருந்து எந்த ஐடிக்குப் போனது என்ற விவரம். டெலிகிராம் உரையாடலை அவமானமாக நினைத்து அழித்துவிடுகிறவர்கள் நிறைய. அழிக்கக் கூடாது, அதுதான் சாட்சி. 1930-ல் பதிந்த பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரை முழுமையாக்க வேண்டும். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன, நேரிலும் போகலாம். முடங்கிய தொகை திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்த மாதங்களில்தான் இன்னொரு அழைப்பு வரும். ‘நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் மேடம். சைபர் பிரிவில் நமக்கு ஆள் இருக்கிறார். ஃபைல் சார்ஜ் 4,500 மட்டும் அனுப்புங்கள்.’ இழந்தவர்களின் எண்கள் பட்டியலாகக் கைமாறுகின்றன. முதல் கும்பலே வேறு குரலில் அழைப்பதும் உண்டு. 1930 எந்தக் கட்டணமும் கேட்பதில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் பணத்தைத் திருப்பித் தர யாருடைய யுபிஐ எண்ணுக்கும் பணம் அனுப்பச் சொல்வதில்லை.